தம்பி பேசிய பெட்டி

எங்கள் வீட்டில் அதற்குக் கேம் பெட்டி என்று பெயர். கேம் விளையாட யாரும் அதைத் தொட்டதில்லை. மஸ்கட்டில் செருப்புக் குடோனில் வேலை பார்த்த என் தம்பி, அறையில் கூட இருந்தவன் விட்டுவிட்டுப்போன அந்தப் பழைய கன்சோலை லீவுக்கு வரும்போது துணியோடு துணியாகச் சுற்றி எடுத்து வந்தான். "இந்த வயசுல விளையாடறதுக்கு இங்க யாரு இருக்கா, வேலையத்தவனே?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே டிவிக்குப் பின்னால் ஒயரைச் சொருகினான். அதற்கப்புறம் படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாமே அந்தப் பெட்டி வழியாகத்தான். கேபிளை நிறுத்திவிட்டோம்.

அவன் இருந்த இடத்தில் வீடியோ கால் சரியாகக் கிடைக்காது. அதனால் போனைச் சுவரில் சாய்த்து வைத்து, தன்னைத்தானே படம் பிடித்து எனக்கு அனுப்புவான். அம்மாவுக்காகவே பேசுவான். எல்லாம் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்பான். அம்மா பதில் சொல்வதற்கு இடம் விட்டு கொஞ்சம் நிறுத்துவான். பிறகு, "இன்னா கொழம்பு?" அதற்கும் இடம் விடுவான். என் போன் இவற்றால் நிரம்பி வழிந்து ஹேங் ஆக ஆரம்பித்தது. கடைசியாக வந்த லீவில் அத்தனையையும் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு, என் போனைச் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தான். இணையத்தில் ஏற்றிவைக்கிற பழக்கமெல்லாம் அவனுக்குக் கிடையாது. அதே லீவில் ஆம்பூர் பைபாஸில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டது. அவனுடைய போனும் அவனோடு நொறுங்கிப் போனது.

அம்மாவுக்கு அதற்கு முன்பே மறதி தொடங்கியிருந்தது. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு எதற்கு என்று கேட்பாள். காரியம் முடியும்வரை அவளை ஒடுகத்தூர் சித்தி வீட்டில் வைத்திருந்தோம். திரும்பி வந்ததும் நான்தான் சொன்னேன். நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். மறுநாள் காலையில் எழுந்து, "சின்னவன் எங்கடி, போன் பண்ணலியா?" என்று கேட்டாள். மறுபடி சொன்னேன். மறுபடி முதல்முறை கேட்பதுபோல் அழுதாள். அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே யாரும் அவகிட்ட சொல்லக்கூடாது. தினமும் எம் புள்ளைய சாவடிக்க முடியாது" என்றார். அதோடு நிறுத்தினோம். அம்மாவைப் பொறுத்தவரை அவன் மஸ்கட்டில் இருந்தான்.

பிறகு அம்மா சாப்பிடுவதை விட்டாள். வாயைத் திறக்க மாட்டாள், திறந்தாலும் துப்புவாள், கையைத் தட்டிவிடுவாள். உடம்பு கரைந்தது. இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் அப்பாவுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு மதியம் பெட்டியைப் போட்டு தம்பியின் வீடியோ ஒன்றை ஓடவிட்டார். "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்றான் அவன் டிவியில். "இல்லடா கண்ணு, இப்பதான் உக்காந்தேன்" என்றாள் அம்மா. பேச வாய் திறந்த நேரத்தில் அப்பா ஒரு கவளத்தை வைத்தார். மென்று விழுங்கினாள். அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தேன். சந்தோஷத்திலா, பயத்திலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். அப்பாவின் இடது கையில் ரிமோட், வலது கையில் சோறு. மூன்று வேளையும் தம்பி வந்து பேசினால்தான் அம்மா சாப்பிடுவாள். அவன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வது அவளுக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. அவள் உயிர் அந்தப் பெட்டிக்குள் இருந்தது என்று சொன்னால் அதில் மிகையில்லை.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் ஆயுசில் முக்கால்வாசி ஒரே ஷூ கம்பெனியில் கழிந்தது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. தையல் கோணினாலோ, தோலில் தழும்பு தெரிந்தாலோ அந்த ஜோடி ரிஜெக்ட். ரிஜெக்ட் ஆனது முழுசாகக் கேட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கம்பெனி முத்திரையோடு விற்பனைக்கு வந்துவிடும், ஆர்டர் கேன்சலாகிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் மேலே ஒரு வெட்டு, அடியில் ஒரு வெட்டு போட்டுத்தான் வெளியே தள்ளுவார்கள். அந்த வெட்டுகிற வேலை அப்பாவுடையது. ரிடையர் ஆகியும் அந்தக் கை நிற்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து எதுவும் முழுசாகக் குப்பைக்குப் போகாது. பிய்ந்த செருப்பு, கிழிந்த ஸ்கூல் பை, காலாவதியான ஏடிஎம் கார்டு, பழைய குடை எல்லாவற்றையும் கொல்லைப் பக்கம் எடுத்துப்போய் வெட்டிவிட்டுத்தான் போடுவார். "அப்பாகிட்ட மட்டும் பழசாகிடாதீங்க" என்று தம்பி கிண்டல் பண்ணுவான். நாங்கள் எல்லோரும் சிரிப்போம், அப்பாவும்தான்.

பெட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது போன மழைக்காலத்துக்கு அப்புறம். உள்ளே டிக் டிக் என்று சத்தம் வரும். தம்பி பேசிக்கொண்டே இருக்கும்போது அவன் முகம் அப்படியே உறைந்து நின்றுவிடும், வாய் பாதி திறந்தபடி. அம்மா அதைப் பார்த்து, "புள்ளைக்கு இன்னாமோ ஆயிடுச்சி" என்று அலறுவாள். அன்றைக்குச் சாப்பாடு அவ்வளவுதான்.

தம்பியின் தோஸ்த் ஒருவன் வேலூர் லாங் பஜார் பக்கத்துச் சந்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கூடப் படித்த முஸ்லிம் பையன், தம்பியின் பாடைக்குத் தோள் கொடுத்தவன். போன் பண்ணினேன். வந்து பெட்டியைக் காதில் வைத்துக் கேட்டான். "டிஸ்க் போகுதுக்கா. நம்மூரு தோல் பேக்டரி காத்துல வெள்ளி கொலுசே கறுத்துடுது, இதெல்லாம் எம்மாத்திரம்" என்றான். இடமும் நிரம்பிவிட்டது, பெரிய டிஸ்காகப் போட்டுவிடலாம், சத்தமே வராது, வருஷக்கணக்கில் தாங்கும் என்றான். தம்பியின் வீடியோக்களை மட்டும் பென்டிரைவில் எடுத்துப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் பாதியில் பெட்டி நின்றது. வேறு வழி, பெட்டியையே முழுசாக ஒரு வெளி டிஸ்கில் பேக்கப் எடுக்கச் சொல்லி, புது டிஸ்கை மாட்டி, அதில் திருப்பி இறக்குவது.

"பழசக் கழட்டி உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தா தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. அந்த டிஸ்க் இந்தப் பெட்டில மட்டும்தான் தொறக்கும். ரெண்டும் ஜோடி. வேற எதுல போட்டாலும் காலி டிஸ்க்குன்னுதான் காட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆரம்பித்தான். காலையில் அம்மாவுக்கு இட்லி கொடுத்து முடித்த கையோடு பேக்கப் ஓடியது. நல்லபடியாக முடிந்தது என்று பெட்டியே சொன்னது. பழைய டிஸ்கைக் கழற்றி, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அந்த வஸ்துவை ஜன்னல் கட்டையில் வைத்தான். புதியதை மாட்டினான். திருப்பி இறக்க ஆரம்பித்ததும் திரையில் ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. "இது ரொம்ப நேரம் ஆகும். நான் தொழுதுட்டு வந்துர்றேன். கரண்ட் மட்டும் போகாம இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனான். நான் சமையலில் இருந்தேன். அப்பா கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். கரண்ட் போகவில்லை.

அவன் திரும்பி வந்தபோது கோடு நின்றிருந்தது. ஃபைல் பழுது என்று ஒரு வரி. மறுபடி போட்டான், அதே இடத்தில் நின்றது. செத்துக்கொண்டிருந்த டிஸ்கிலிருந்து எடுத்த பேக்கப்பில் நடுவே ஓட்டை விழுந்திருக்கிறது. அவன் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் சமாளித்துக்கொண்டான். "பரவால்லக்கா. பழசு இருக்குதுல்ல, அதையே திருப்பி மாட்டிடலாம். நின்னு நின்னு வந்தாலும் ஒவ்வொண்ணா எடுத்துடறேன், எத்தினி நாளானாலும் சரி."

ஜன்னல் கட்டையில் டிஸ்க் இல்லை.

சோபாவுக்கு அடியில், டிவிக்குப் பின்னால், அவன் பையில் எல்லாம் தேடினோம். அப்போது கொல்லைப் பக்கத்திலிருந்து அப்பா வந்தார். ஒரு கையில் சுத்தியல். மறு கையில் முடிச்சுப் போட்ட கேரி பேக். அதற்குள் சலசல என்று சத்தம்.

"இன்னாப்பா அது?" என்றேன்.

"கழட்டிப் போட்ட பழசு. அப்படியே வெளிய போட்டா காயலான் கடைக்குப் போகும். எவனாவது நோண்டுவான். எம் புள்ள மூஞ்சி கண்ட கண்ட எடத்துல கெடக்கக் கூடாதுல்ல" என்றார். பிறகு, வேலையைச் சரியாக முடித்தவர் சொல்கிற மாதிரி, "உள்ள கண்ணாடி. நல்லா பொடி ஆய்டுச்சி" என்றார்.

தோஸ்த் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். என் வாய் சும்மா இருக்குமா? நானும் ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர், லைனில் நூறு பேரை அடக்குகிற வாய். "வெட்டறதத் தவிர வேற இன்னா தெரியும் உனக்கு? ஒரு வார்த்த கேட்டியா? அம்மா வாயில இப்ப யாரு சோறு வைப்பா? இந்தப் பொடியக் கொண்டுபோய் வை" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அதில் ஒரு வார்த்தையையும் நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது. அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. பேக்கப் போனது தெரியாது அவருக்கு. தோஸ்த் மெதுவாக எடுத்துச் சொன்னான். அப்பா பையைக் கீழே வைத்தார், முடிச்சை அவிழ்த்தார், உள்ளே பார்த்தார். ஒட்ட வைக்க முடியுமா என்று அவனிடம் கேட்டார்.

மதியம் அம்மா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து டிவியைப் பார்த்தாள். நீலத் திரை. "சின்னவன் வரட்டும்" என்றாள். இரவிலும் அதையேதான் சொன்னாள். மறுநாள் வேறொரு உபாயம் செய்தேன். அடுத்த அறையிலிருந்து தோஸ்த்தைப் போனில் பேசவைத்து அம்மாவின் காதில் வைத்தேன். "இன்னாம்மா, சாப்ட்டியா?" என்றான், தம்பியின் குரலை எடுத்து. அம்மா போனைத் தள்ளிவிட்டாள். "யாரோ அழறாங்க" என்றாள்.

அதற்கப்புறம் தண்ணீரும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினோம். அப்பா கட்டிலுக்கு அடியில் தரையில் படுத்துக்கிடந்தார். நான் அவரோடு பேசவில்லை. குழாய் போடலாமா என்று டாக்டர் கேட்டபோது, வீட்டுக்குக் கூட்டிப்போய் இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன் என்று அப்பாதான் கையைக் கூப்பினார்.

வீட்டுக்கு வந்த மதியம், ரசம் சோற்றைக் குழைவாகப் பிசைந்து எடுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். டிவியைப் போடவில்லை. இது நடக்காது என்று நினைத்துக்கொண்டு நான் தண்ணீர்ச் செம்போடு வாசற்படியில் நின்றேன். அம்மா அவர் கையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். ஒரு வாய், இன்னொரு வாய். நாங்கள் வேண்டிக்கொண்டதெல்லாம் அதுதான், அது நடந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்பாவால் நம்ப முடியவில்லை போல. "சின்னவன் இன்னிக்கு பேசலயே, கேக்க மாட்டியா?" என்றார்.

"எந்தச் சின்னவன்?" என்றாள் அம்மா.

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "உம் புள்ள. மஸ்கட்ல இருக்கறவன்" என்றார். அம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, தனக்கு அப்படி யாரும் இல்லை என்று தலையை ஆட்டினாள். அப்பாவின் தோள்கள் குலுங்கின. தம்பியை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவர் இப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஒருவரைப் பார்க்கிற பார்வை. "இன்னா பெரியவரே, அழறீங்க? உங்க வீட்ல யாராவது போய்ட்டாங்களா?" என்று கேட்டாள்.

எங்களை வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்ன அப்பா, அன்றைக்கு அவளிடம் சொன்னார். "ஆமாம்மா. எம் புள்ள செத்துட்டான்."

"ஐயோ பாவம்" என்றாள் அம்மா. "இன்னா வயசு?"

அப்பா வயதைச் சொன்னார். அவள் உச்சுக்கொட்டி வருத்தப்பட்டாள். பிறகு அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தாள்.