இல்லாத பிள்ளைக்குச் சுரந்த பால்

சாரல் தொடங்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மைனி என்னைப் பழைய குற்றாலத்துக்குக் குளிக்க அழைத்துப் போனார். மைனி என் கணவரின் அக்கா. கணவர் சவுதியில் இருந்தார். அவர் கடைசியாக வந்து போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எனக்கு மனநோய் கண்டு மாத்திரை தொடங்கிய பிறகு, ஆஸ்பத்திரி தவிர வேறெங்கும் போனது அன்றுதான்.

அருவியில் நின்றது சுகமாகத்தான் இருந்தது. உடை மாற்றும் அறையில் துவட்டிவிட்டுக் காய்ந்த ரவிக்கையைப் போட்டேன். கொக்கி மாட்டுவதற்குள் மார்பில் இரண்டு இடங்களில் வட்டமாக நனைந்தது. துண்டால் ஒற்றினேன். மறுபடியும் நனைந்தது. அது தண்ணீர் இல்லை. வெள்ளையாக, விரலில் லேசாகப் பிசுபிசுத்தது. என் மகளுக்குப் பால் மறக்கடித்து நாலு வருஷம் ஆகிறது.

மைனி பார்த்துவிட்டார்.

"இதென்னட்டி?" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "மாசாமாசம் ஒனக்கு வருதா?"

வரவில்லை. மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே நின்றுவிட்டது. வயிறும் பெருத்திருந்தது. பசி கூடும், உடம்பு வைக்கும் என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்ததால் நான் பெரிதாக நினைக்கவில்லை. இல்லை என்று தலையை ஆட்டினேன். ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குத் திரும்பினோம்.

என் பயம் வேறு. மாத்திரை தொடங்குவதற்கு முன், நோய் முற்றியிருந்தபோது ஒரு நாள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போய்விட்டேன். சாயங்காலம் மைனிதான் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டுபிடித்தார். காலில் செருப்பு இல்லை. இடையில் எங்கே இருந்தேன், யாரோடு இருந்தேன், ஒன்றும் நினைவில்லை. ஆட்டோவில் உட்கார்ந்தபடியே அந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். கணக்கு ஒத்துவந்தது. முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலை மைனி எங்கள் தெருக் கடையில் கேட்காமல், செங்கோட்டை ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கி வந்தார். பாத்ரூம் வாசலில் நின்று இருவரும் அதையே பார்த்தோம்.

"ஒரு கோடுதான். ஒண்ணும் இல்லட்டி" என்றார். அவருக்கு வேர்த்திருந்தது.

எனக்கு நிம்மதி வரவில்லை. பிள்ளை இல்லையென்றால் பால் எதற்கு வருகிறது? மார்பில் கட்டியா? இல்லை, முன்பு யாருக்கும் கேட்காத குரல்கள் எனக்குக் கேட்டதுபோல, இதுவும் எனக்கு மட்டும் தெரிகிறதா? அதுதான் எல்லாவற்றிலும் பெரிய பயமாக இருந்தது.

"மைனி, அந்தப் பால நீங்களும் பாத்தியளா? நெசமாவா?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாத்தேன்ட்டி. நெசந்தான். கெளம்பு, டாக்டர்ட்ட போவோம்."

மாத்திரை தந்த டாக்டர் வயதானவர். மைனிதான் எல்லாவற்றையும் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "இது மாத்திரையால வந்தது. பால் சுரக்க வைக்கிற ஹார்மோனை இந்த மருந்து கூட்டிவிட்டுடும். அதனால மாதவிடாய் நிக்கும், பால் வரும். சில ஆம்பளைகளுக்கே வருதும்மா. நான் மொதல்லயே சொல்லியிருக்கணும்."

கொஞ்சம் தயங்கி, "வீட்டுக்காரர்கிட்ட ஆசையெல்லாம் எப்படி இருக்கு?" என்றார்.

மைனி எழுந்தார். "நான் வெளிய இருக்கேன்ட்டி."

அழுதுவிட்டேன். முன்பெல்லாம் கணவரின் போன் வந்தாலே உடம்பு சிலிர்க்கும். இப்போது அவர் குரல் யாரோ கடைக்காரர் பேசுவதுபோல இருந்தது. எனக்குள் இருந்த பொம்பளை செத்துப்போய்விட்டாள், அவர் மேல் அன்பே போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் இந்த மாத்திரையால்தான் இருக்கும் என்றார் டாக்டர். "ஆனா நீங்களா நிறுத்திடாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா மாத்தலாம்."

மாத்திரையை மாற்றிய அந்த வாரங்களில் வேறு மாதிரி பயம். மிக்சி ஓடினாலும், பக்கத்து வீட்டில் யாராவது சிரித்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பேன். குரல்கள் திரும்பிவிட்டனவா? காலையில் எழுந்ததும் மைனி வந்து, "இன்னைக்கு எப்படிட்டி இருக்கு?" என்பார். எதையும் மறைக்காமல் சொல்வேன். பால் முதலில் வற்றியது. பிறகு ஒரு மத்தியானம், நின்றுபோயிருந்த தூரமும் வந்தது. பாத்ரூமிலிருந்தே மைனியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் வெளியே நின்று, "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாக இறைவனைப் புகழ்ந்தார்.

லீவில் கணவர் வந்தபோது, அவர் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொன்னேன். ஆசை முழுசாகத் திரும்பவில்லை என்பதையும் சொன்னேன். எழுந்து போய்விடுவாரோ என்று பயந்தேன்.

"போன்ல நீ பேசாம இருக்கும்போது, என்னைய வெறுத்துட்டன்னுல்லா நெனச்சேன்" என்றார்.

அவர் கண் கலங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.