வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார்

நம் பங்குக் கோவிலின் அன்பியத்து உறவுகளே, கூட்டம் முடிந்தும் வாசலில் நின்று பேசிக்கொண்டே இருப்பேனே, அந்த மேரிதான் நான். இன்று நடுவில் அழுதுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் என் கணவர் அந்தோணிக்குப் பக்கவாதம் வந்தது. ஆட்டோ ஓட்டிய மனிதர் படுத்த படுக்கையானார். வாய் குழறும், புத்தி மட்டும் தெளிவு. மூன்றாம் மாதம் டாக்டர், "இனி வீட்டுலயே வச்சுப் பாருங்க" என்று கைவிரித்தார். அது ஹவுஸ் ஓனர் காதுக்குப் போய்விட்டது.

மயிலாப்பூரில் பதினாலு வருடம் இருந்த வீடு. அவர் கெட்டவரும் இல்லை. வாசலிலேயே நின்று சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. நாள் நட்சத்திரம் சரியில்லாம ஏதாவது ஆச்சுன்னா, ஆறு மாசம் வீட்டைப் பூட்டி வைக்கணும். மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாரு."

மூச்சு ஓடிக்கொண்டிருக்கிற மனிதருக்குச் சாவு நட்சத்திரம் பார்த்துவிட்டார்கள்.

மந்தைவெளி, அபிராமபுரம் என்று தெருத்தெருவாக அலைந்தேன். "வீட்ல யாரு யாரு?" என்பார்கள். நான் சொல்வேன். "போன் பண்றோம்" என்பார்கள். ஒரு போனும் வரவில்லை. ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, "ஆண்டவரே, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டுக்கொள்ளும்" என்று கேட்டேன். அவ்வளவு இருட்டு எனக்குள்.

புரோக்கர்தான் அந்த யோசனை சொன்னார். "இன்னாக்கா நீ, போற எடத்துல எல்லாம் உண்மைய சொல்லிக்கினு கீற? வூட்டுக்காரர் துபாய்ல கீறாருன்னு சொல்லு. உள்ள பூந்தப்புறம், அவரே வைத்தியத்துக்குத் திரும்பி வந்துகீறாருன்னு சமாளிச்சுக்கலாம்."

சாந்தோமில் ஒரு வீட்டில் அப்படியே சொன்னேன். முன்பகுதியில் ரஹீமாம்மா தனியாக இருந்தார், பின்பகுதி வாடகைக்கு. "துபாயா? நல்லது. வந்துடும்மா" என்று உடனே சாவியை எடுத்தார். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அந்தோணியிடம் எல்லாம் சொன்னேன். அவர் கூரையையே பார்த்தார். பிறகு குழறிக் குழறிக் கேட்டார்: "அப்போ... என்னை எப்போ துபாய்ல இருந்து கூட்டிட்டு வருவ?"

சிரிக்க வைக்கத்தான் கேட்டார். ஆனால் அவர் கண்ணோரம் ஈரம். செபமாலையை எடுத்தேன், முதல் மணியைத் தாண்ட முடியவில்லை. உயிரோடு படுத்திருக்கிற மனிதரை வீட்டில் இல்லையென்று சொன்ன வாய் அல்லவா? "ஆண்டவரே, தெருவில் நின்றாலும் இவரோடு நிற்கிறேன். பொய் சொல்லிப் பிடித்த வீடு வேண்டாம். ஆனால் தெருவில் விட்டுவிடாதேயும்" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன்.

மறுநாள் காலை ரஹீமாம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். நான் திரும்பி நடந்தேன்.

"ஏம்மா, நில்லு. எங்க போற?" என்றார். தன் அறைக் கதவைத் திறந்து காட்டினார். "எங்க வீட்டுக்காரரு இந்தக் கட்டில்லதான் உசிரு பிரிஞ்சு மௌத்தானாரு. இதுலதான் நான் தினம் படுக்கிறேன். இனிமே என்கிட்ட பொய் சொல்லாத. உன் வீட்டுக்காரருக்குக் காத்து வேணும், கட்டிலை ஜன்னல் பக்கமாப் போடு."

அந்த ஜன்னல் பக்கம் என் அந்தோணி ஐந்து மாதம் இருந்தார். கடற்காற்று வாங்கினார். என் மடியில் தலை வைத்துத்தான் போனார். அன்று என்ன நட்சத்திரம் என்று யாரும் பார்க்கவில்லை. ரஹீமாம்மா தன் கதவு, எங்கள் கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தார்.

நான் அவருக்குச் சுகம் கேட்டேன், அது கிடைக்கவில்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது; மறைக்க மாட்டேன். ஆனால் என் கணவரை யாரும் அவசரப்படுத்தாத ஓர் இடத்தை ஆண்டவர் தந்தார். அதற்கு நன்றி சொல்லித் தீரவில்லை.

உங்களில் யாராவது நோயாளியை வைத்துக்கொண்டு வீடு தேடி அலைந்தால், என்னிடம் வாருங்கள். நானும் கூட வருகிறேன். கதவைத் தட்டியதும் முதலில் அவரைப் பற்றித்தான் சொல்வோம். மற்றதை ஆண்டவரிடம் விடுவோம்.