கதவைத் திறந்து வைத்துச் செய்த பரிசோதனை

எட்டு வருடங்களுக்கு முன்பு, பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த காது மூக்கு தொண்டை கிளினிக்கில், கேட்கும் திறனைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். கீழே பன் வேகும் வாசனையை வைத்தே மணி சொல்லிவிடலாம். முதல் ஈடு பத்தரைக்கு இறங்கும், அடுத்தது மூன்றே காலுக்கு. கல்லூரி நாளிலிருந்தே தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் "11.20, ஆண், 41 வயது, பெயிண்டர், ஜீவனஹள்ளி, இடது காது" என்று மட்டும் இருக்கிறது. மீதி எல்லாம் புதன்கிழமைப் பக்கத்தில்.

எங்களிடம் சத்தம் புகாத சிறிய அறை ஒன்று இருந்தது. ஒருவர்தான் உட்காரலாம். அதற்கு நாங்கள் வைத்த பெயர் டப்பா. நோயாளி உள்ளே ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். நான் கனமான கதவைச் சாத்தி, வெளியிலிருந்து கைப்பிடியைத் திருப்பி இறுக்கிவிட்டு, கண்ணாடி வழியே பார்த்தபடி ஒவ்வொரு ஒலியாக அனுப்புவேன். கேட்டால் அவர் விரலை உயர்த்த வேண்டும். கதவு திறந்திருந்தால் முடிவு செல்லாது. அதில் நான் யாருக்கும் சலுகை கொடுத்ததில்லை.

அந்தப் பெயிண்டர் உட்கார்ந்தார். கைப்பிடியைத் திருப்பினேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு கைகளாலும் கதவைத் தட்டத் தொடங்கினார். திறந்தபோது சட்டை முழுக்க வியர்வை. நேரே மாடிப்படிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். முடியாது என்று தலையை மட்டும் ஆட்டினார். அடுத்தவர் காத்திருந்தார். இப்படிப்பட்டவர்களுக்கு வழக்கமாக எழுதும் வரியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்: "நோயாளி ஒத்துழைக்கவில்லை."

கூட வந்திருந்த மனைவி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன்.

"ஸ்டேஷன்லயும் இதையேதான் மேடம் எழுதுனாங்க, ஒத்துழைக்கலைன்னு. அதுக்கப்புறம்தான் அடி ஜாஸ்தியாச்சு."

கிளினிக் வராந்தாவில் நின்றபடியே மற்றதையும் சொன்னார். வேலை பார்த்த வீட்டில் நகை காணாமல் போனதாக வழக்கு. ஏழு மாதம் விசாரணைக் கைதியாகச் சிறை. கடைசியில் கோர்ட் விடுவித்துவிட்டது. காவலில் இருந்தபோது இடது காதில் திரும்பத் திரும்ப அறைந்தார்கள், ஜன்னல் இல்லாத அறையில் தனியாகப் பூட்டி வைத்தார்கள் என்பது அவர்களுடைய புகார். வரும் திங்கட்கிழமை அந்தப் புகாரின் விசாரணை. வக்கீல் காது ரிப்போர்ட் கேட்டிருந்தார்.

"வீட்ல பாத்ரூம் தாழ்ப்பாள்கூடப் போடமாட்டாரு. நான் வெளிய காவல் நிக்கணும். இந்தப் பேப்பரைக் குடுத்தா எங்க கேஸே போச்சு மேடம்."

கணவர் படிக்கட்டிலிருந்து மெதுவாகச் சொன்னார்: "வேணும்னு பண்ணல மேடம். அந்தக் கைப்பிடி திருப்புறது உடம்புல தெரிஞ்சுது. கை தானா போயிடுச்சு."

காவலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் டாக்டர் காதைக் கருவியால் பார்த்துவிட்டு, இடது செவிப்பறையில் ஆறாத பழைய ஓட்டை இருக்கிறது என்றார். "கதவைத் தெறந்தே வெச்சு செய்ங்கம்மா. தெறந்துதான் இருந்துச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிடுங்க" என்றும் சொன்னார்.

மறுநாள் இரண்டு மணிக்கு வரச் சொன்னேன். ஒரே சிக்கல், கீழே மாவு பிசையும் மெஷின். ஓடினால் எங்கள் தரையே அதிரும். பேக்கரிக்காரரிடம் போனேன்.

"அண்ணா, நாளைக்கு ரெண்டு மணிக்கு ஒரு இருபது நிமிஷம் மெஷினை நிறுத்தணும். ஒருத்தருக்குக் காது டெஸ்ட்."

"ஏன் மேடம், நாளைக்கு லிங்கராஜபுரத்துக்கே பன்னு வேணாமா?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடுங்க. மாவு எங்க ஓடிடப் போவுது" என்றார்.

புதன்கிழமை மின்விசிறிகளை நிறுத்தினோம். எல்லோருடைய போனையும் அணைத்தோம். எங்கள் உதவியாளர் அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து, ஏறி வந்தவர்களையெல்லாம் உதட்டில் விரல் வைத்தே உட்கார வைத்தார். கூரியர் கொண்டுவந்தவர்கூட செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். டப்பாவின் கதவு விரியத் திறந்திருந்தது. எதிரில், அவர் கண்ணில் படும்படி மனைவி.

வலது காதுக்கு விரல் சட்டென்று உயர்ந்தது. இடது காதுக்கு ஒலியைக் கூட்டிக்கொண்டே போனேன். தெருவில் பஸ் போகும்போதெல்லாம் நிறுத்திக் காத்திருந்தேன். வெகுநேரம் கழித்து, சந்தேகத்தோடு, பாதி விரல் எழுந்தது. இருபது நிமிடம் கேட்டிருந்தேன், நாற்பத்தைந்து ஆகிவிட்டது. நான் இறங்கிப் போய்ச் சொல்லும்வரை கீழே மெஷின் ஓடவில்லை. அன்று பன் நாலு மணிக்குத்தான் இறங்கியது.

கதவு திறந்திருந்ததையும், அதனால் மிக மெல்லிய ஒலிகளின் முடிவு உறுதியற்றது என்பதையும் ரிப்போர்ட்டில் எழுதினேன். முதல் நாள் சீட்டைத் திரும்ப வாங்கினேன். எழுதிக் கொடுத்ததைக் கிழிக்கக் கூடாது. எழுதியது தெரியும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் "மூடிய அறையில் இருக்க இயலவில்லை. காரணம் அப்போது கேட்கப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கேட்காமல் விட்டது நான்தான் என்பதை அதற்கு மேல் சுருக்கிச் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு தாள்களையும் மடிக்காமல் வாங்கிக்கொண்டு அவர்கள் போனார்கள். புகார் என்ன ஆனதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். நான் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில், தானாக மூடிக்கொள்ளும் கதவு வைத்த புதிய அறையில் வேலை பார்க்கிறேன். என் முப்பது வருடப் பரிசோதனைகளில் விதிப்படி குறையுள்ளது அது ஒன்றுதான் என்றாலும், ஒரு மனிதரின் காது எவ்வளவு கேட்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கட்டடமே மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த அந்த மதியத்தைத்தான் என் வேலைக்கு நான் காட்டக்கூடிய ஒரே சான்றாக நினைக்கிறேன்.