8,700 கிலோமீட்டரும் வட்டவளையில் விழுந்த மரமும்

லண்டனில் இருக்கும் என் மகள் மலருக்குப் பிரசவ ஆபரேஷன் வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு என்று குறித்திருந்தார்கள். மருமகனுக்குக் கப்பல் வேலை, அப்போது நடுக்கடலில் இருந்தார். அவள் தனியாக இருக்கக்கூடாது என்றுதான் போன ஜூனில் இலங்கை மலையகத்துக் கொட்டகலையிலிருந்து கிளம்பினேன். புதன்கிழமை விமானத்தை விட்டால் பிரசவத்துக்குப் போய்ச் சேர முடியாது.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு வான்வழியில் ஏறக்குறைய 8,700 கி.மீ. நேரடி விமானத்தில் பதினொன்றேகால் மணி நேரம். பகல் ஒரு மணிக்குக் கிளம்பினால், நாலரை மணி நேர வித்தியாசம் போக, அன்று மாலை 7.45க்கு லண்டன். கொட்டகலையிலிருந்து கட்டுநாயக்க 140 கி.மீ. விமானம் பதினொரு நிமிடத்தில் தாண்டுகிற தூரம்தான். நமக்கு ஐந்து மணி நேரம். முப்பத்தொரு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், அந்த ஐந்தை அப்படியே நம்பி வேனைக் காலை 5.30க்கு வரச் சொன்னேன்.

வழியனுப்ப யாரும் வரவேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். எங்கள் பக்கத்தில் அது நடக்கிற காரியமா? தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து பதினொரு பேர், பிள்ளைகளோடு, எனக்கு முன்பே வேனில் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு பிளேன் பார்க்கும் ஆசை.

6.15க்கு வட்டவளையில் பெரிய மரமொன்று ரோட்டை அடைத்துக் கிடந்தது. திரும்பிப் போய் நோட்டன் பிரிட்ஜ் வழியாகச் சுற்றினால் நேரம் போதாது. ஒரு மணி நேரம் காத்திருந்தும் மரம் வெட்ட ஆள் வரவில்லை.

டிரைவர் குமார் மரத்தைத் தாண்டிப் போய்விட்டு ஓடி வந்தார். "டீச்சர், அந்தப் பக்கம் ஒரு வாடகைக் கார் நிக்குது. அதுல வந்தவங்க நாம வந்த வழியில ஹட்டன் போகணுமாம். அவங்கள நான் கொண்டு போறேன், அந்தக் கார் டிரைவர் ஒங்கள ஏர்போட்ல விட்டுருவாரு. சிங்களத்துல பேசிட்டேன்."

என் முப்பது கிலோ பெட்டியை நாலு பேர் மரத்துக்கு மேலே தூக்கினார்கள். பக்கத்து வீட்டு ராணி என் கையைப் பிடித்துக் கிளைகளுக்குள் நடத்தினாள்.

"வரவேணாம்னு சொன்னீங்களே டீச்சர். இப்ப இந்தப் பெட்டிய யாரு தூக்கியிருப்பா, குமாரா? அவன் ஸ்டியரிங்கத் தவிர எதையும் தூக்க மாட்டான்."

அந்தச் சின்னக் காரில் எனக்கும் பெட்டிக்கும்தான் இடம். "பிள்ளைங்க பிளேன் பாக்கலையே" என்றேன் ராணியிடம்.

"அது எங்க போயிறப் போவுது? நீங்க திரும்பி வர்றப்ப பாத்துக்கிறோம். ஏறுங்க."

11.40க்கு விமான நிலையம். கவுன்டர் மூட இருபது நிமிடம் இருந்தது. மறுநாள் காலை மலரை உள்ளே கொண்டு போகும்வரை அவள் கை என் கையில் இருந்தது. பேரன் நலம்.

மலையகத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு: மழைக்காலத்தில் ஐந்து மணி நேரப் பாதைக்கு எட்டு மணி நேரம் வையுங்கள். வழியனுப்ப வருகிறவர்களைத் தடுக்காதீர்கள்.

அடுத்த மாதம் திரும்புகிறேன். விமானம் நண்பகலில் இறங்கும், பிள்ளைகள் நன்றாகப் பார்க்கலாம். வேன் வேண்டாம், பஸ்ஸாகவே பிடிக்கும்படி குமாரிடம் சொல்லிவிட்டேன்.