பெரியம்மாவுக்கு ஒரு காலண்டர்: சிவகாசியில் ஒரு நாள்

தீபாவளி முடிந்த மறுவாரம் சிவகாசிக்குப் போனேன். பட்டாசு வாங்க அல்ல, காலண்டர் அடிக்க. நான் விமானப் பணிப்பெண்ணாக இருந்தவள். நாங்கள் பறந்த ஜம்போ ஜெட் ரகத்துக்கு எங்கள் கம்பெனி ஓய்வு கொடுத்துவிட்டது. எங்களுக்குள் அதற்குப் பெயர் 'பெரியம்மா'. அதில் வேலை பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சென்னையில் கூடுவதாக ஏற்பாடு. ஆளுக்கொரு காலண்டர் தருவதென்று முடிவாகி, பொறுப்பு என் தலையில் விழுந்தது.

படம் என் தோழி ஸ்டெல்லா கொடுத்தது. சாத்தூர்க்காரி, என்னோடு பறந்தவள். பெரியம்மா கடைசியாகக் கிளம்பிய அன்று முழங்கால் ஆபரேஷன் முடிந்து படுக்கையில் கிடந்தாள். வழியனுப்பவில்லையே என்ற குறை அவளுக்கு இன்னும் தீரவில்லை. அவள் கதவருகே கைகூப்பி நிற்க, பயணிகள் படியேறி வரும் பழைய படம் அது.

சென்னையில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது விருதுநகர். அங்கிருந்து சிவகாசி முப்பது கிலோமீட்டருக்குள்தான். பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஸ்டேஷனுக்கே வந்துவிட்ட ஸ்டெல்லா, பஸ் ஏறியதும் சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தைப் பிரித்தாள், கூடவே பழைய கதைகளையும். பெரியம்மாவின் மாடிக்குச் சாப்பாடு ஏற்ற ஒரு குட்டி லிஃப்ட் உண்டு. ஒரு தீபாவளிக்குக் கீழே இருந்தவர்கள் அதில் அதிரசமாக அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். மாடியிலிருந்து காபி கேட்ட பைலட்டுக்குக் கடைசிவரை அதிரசம்தான் கிடைத்தது. பெரியம்மாவின் முன்சக்கரத்தைத் தட்டிக்கொடுக்காமல் வண்டியை அனுப்பவே மாட்டார் மெக்கானிக் ராகவன். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாடி வச்ச பிளேனா? அங்கன கண்டக்டர் உண்டாக்கா?"

"நாங்கதாம்ப்பா கண்டக்டர்" என்றாள் ஸ்டெல்லா. பஸ்ஸே சிரித்தது.

சிவகாசியில் பிரஸ் முதலாளியை இருவருமே அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டோம். "வாங்க, சாப்பிட்டீகளா?" என்றபடி, நாங்கள் முன்பே அனுப்பியிருந்த படத்தை வைத்து அடித்த மாதிரித் தாளை நீட்டினார். இடப்பக்கம் படம், வலப்பக்கம் தேதிக் கட்டங்கள், பளபளவென்று இருந்தது. ஸ்டெல்லாவின் முகம்தான் சுருங்கிவிட்டது.

"அண்ணாச்சி, ஆளுக தப்பான கதவுல ஏறுறாக."

படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தார்கள். விமானத்தின் மேல் இருந்த எழுத்தை மட்டும் கவனமாக நேராக்கியிருந்தார்கள். பயணிகள் ஏறுவது எப்போதும் இடப்பக்கக் கதவில். வலப்பக்கக் கதவு சாப்பாடு ஏற்றுவதற்கு.

"வேணும்னுதாங்க்கா திருப்பினோம். லாரியோ பஸ்ஸோ, காலண்டர்ல வண்டி தேதியைப் பார்த்துத்தான் நிக்கணும். முதுகைக் காட்டுச்சுன்னா வருசம் பூரா தொழில் படுத்துரும். இங்கன அதான் வழக்கம்."

"வாங்கப் போறவுக எல்லாரும் பிளேன்ல வேலை பார்த்தவுக அண்ணாச்சி. நம்மளைச் சாப்பாட்டோட ஏத்திட்டாகன்னு சிரிப்பாக."

"மத்தியானம் வேற ஆர்டர் மிஷின்ல ஏறணும். சீசன் பாருங்க. கதவை யாருக்கா பார்க்கப் போறா?"

அன்று அடிக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு வெறுங்கைதான். ஸ்டெல்லா வாதாடவில்லை. "பெரியம்மாவும் நானும் சேர்ந்து இருக்கிறது இந்த ஒரு படம்தான்" என்றாள்.

தாள்களை அடுக்கிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் மனைவி எட்டிப் பார்த்தார். "ஏங்க, அக்காவுக்கு முந்தானை வலது தோள்ல கெடக்கு. கண்ணு தெரியலையா?"

அண்ணாச்சி தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். கதவுக்கு அசையாத மனிதர் முந்தானைக்கு ஆடிப்போனார். "அடக் கடவுளே! இதை எவனாவது பார்த்தா நம்ம பிரஸ் பேரு என்னாகிறது!" ஆனால் நேராக்கினால் வண்டி தேதிக்கு முதுகைக் காட்டுமே! தேதிக் கட்டங்களை இடப்பக்கம் மாற்றினால் என்ன என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தவர், மற்ற ஆர்டரைத் தள்ளிவைத்துப் புது அச்சுப் பிளேட் போடச் சொன்னார். காத்திருந்த நேரத்தில் பிரஸ் முழுவதும் ஸ்டெல்லாவைச் சுற்றி உட்கார்ந்து அதிரசக் கதை கேட்டது. சேவுப் பொட்டலம் காலி.

போக நினைப்பவர்களுக்கு: காலண்டர் ஆர்டரை ஆடி மாதமே கொடுத்துவிடுங்கள், எங்களைப் போல் கடைசியில் ஓடாதீர்கள். மாதிரித் தாளைப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள். பட்டாசு ஆலைக்குள் வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள், கேட்கவும் வேண்டாம். ரயிலுக்கு நேரம் இருந்தால் விருதுநகரில் பொரித்த பரோட்டா சாப்பிடுங்கள். இரண்டுக்கு மேல் போனால் ரயிலில் தூக்கம் வராது. எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபச் சுவரில் காலண்டரை மாட்டினோம். ராகவன் எழுந்து வந்தார். படத்தில் இருந்த முன்சக்கரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். ஸ்டெல்லா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, படத்தில் நிற்பது போலவே கைகூப்பினாள்.

"போயிட்டு வாங்க, பெரியம்மா."