ராணி எம் வகையறா

நான்காம் வகுப்பில் எங்கள் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கொரு இடைக்கால ராஜாவையோ ராணியையோ தேர்ந்தெடுத்து, அவர்களைப் போல உடுத்தி வந்து, அவர்களுடைய குடும்பத்தை அட்டையில் வரைந்து விளக்க வேண்டும். ஹூஸ்டனில் என்னோடு படித்த மற்றப் பெண்கள் பள்ளி நூலகத்துக்குப் போய் இங்கிலாந்து ராணிகளையும் பிரான்ஸ் ராணிகளையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். வினை அங்கேதான் தொடங்கியது.

அப்பா எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர். ஆனால் மனசளவில் சோழ நாட்டுப் பிரஜை. அமெரிக்காவுக்கு வந்தபோது ஒரு பெட்டி நிறைய வரலாற்றுப் புத்தகங்களை அடைத்துக்கொண்டு, இட்லிப் பானைக்கு இடமில்லை என்று சொன்னவர். அதை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. அன்று ஆபீஸ் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எனக்கு ஒரு ராணியைப் பிடித்துக் கொடுத்தார். சோழ இளவரசி. வேங்கி நாட்டு இளவரசனை மணந்தவள். அவனே பிற்பாடு சோழ அரியணையிலும் ஏறிவிட்டதால், பிறந்த நாட்டுக்கே பட்டத்து ராணியாகத் திரும்பியவள். பெயர் கொஞ்சம் நீளம். டீச்சர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, ராணி எம் என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்.

ராணி எம்மின் கணவன் அவளுடைய சொந்த அத்தை மகன். மாமனாரும் தன் மாமன் மகளைத்தான் கட்டியிருந்தார். கோடுகள் சோழ நாட்டிலிருந்து வேங்கிக்குப் போய், அங்கே ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு, திரும்பவும் சோழ நாட்டுக்கே வந்தன. அப்பா ஸ்கேல் வைத்து வரைந்து முடித்தபோது அது மரம் போலவே இல்லை, இடியாப்பம் போல இருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள்.

"குடுத்துவச்சவ. கட்டிக்குடுத்த அன்னிக்குக்கூட அழுதிருக்க மாட்டா. அத்தை வீட்டுக்குத்தானே போறா" என்றாள்.

பட்டுப் பாவாடையும் அலுமினியம் ஃபாயில் கிரீடமுமாக நான் வகுப்பில் நின்றேன். டீச்சர் என் அட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டு, சில கோடுகள் இடம் மாறிவிட்டன கண்ணு, அத்தை மகன் எப்படிக் கணவனாக முடியும் என்று அன்பாகக் கேட்டார். மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இதென்ன பிரமாதம், என் அப்பாவே என் அம்மாவுக்குத் தாய்மாமன்தான், என் அம்மம்மாவும் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள் என்று அடித்துச் சொன்னேன். எங்கள் ஊர்ப்பக்கம் அக்கா மகளைக் கட்டுவது ஒரு செய்தியே இல்லை. டீச்சருக்கு அது செய்தியாக இருந்தது. கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். மாலையில், பெற்றோர் இருவரும் வந்து பார்க்கவும் என்று எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தனுப்பினார்.

அடுத்த மாதம் எங்களுக்கு கிரீன் கார்டு இன்டர்வியூ. ஒருமுறை விருந்தில் ஒரு அங்கிள், தனக்கு கிரீன் கார்டு கிடைத்துவிட்ட ஒரே தகுதியில் எல்லாருக்கும் வக்கீலாகிவிட்டவர், தாய்மாமனும் அக்கா மகளும் கல்யாணம் செய்துகொள்வதை இந்த ஊரில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், தெரிந்தால் உங்கள் கல்யாணமே செல்லாது என்பார்கள், வெளியில் மூச்சு விடாதீர்கள் என்று எச்சரித்திருந்தார். அதுவரை அப்பாவை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா அன்றிலிருந்து 'ஏங்க'வுக்கு மாறிவிட்டாள். அமெரிக்கா வந்தால் அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். மூச்சு விடக் கூடாது என்பதை என்னிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

உறையைப் பிரித்ததும் அப்பா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "டீச்சர் எங்கயாவது ரிப்போர்ட் பண்ணிட்டா முடிஞ்சுது. அப்ளிகேஷனை க்ளோஸ் பண்ணிடுவான்" என்றார். பள்ளிக்குப் போகும்போது ஃப்ரீவே முழுக்க இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். பேசப்போவது அப்பா. அம்மா புன்னகை செய்தால் போதும். நான் வாயைத் திறக்கவே கூடாது. அட்டையோடு போட்டோ எடுக்க வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்ததால் மறுபடியும் ராணி வேஷத்தில் இருந்தேன்.

டீச்சர் தயங்கித் தயங்கித்தான் கேட்டார். குழந்தை சொன்னது உண்மையா? அப்பா தொண்டையைச் செருமினார், கண்ணாடியைத் துடைத்தார், சுவரில் இருந்த என் அட்டையைப் பார்த்தார். ஒத்திகை பார்த்த வசனம் வரவே இல்லை. அந்த நாட்டில் அதுவரை தேங்க் யூவைத் தாண்டி யாரிடமும் பேசியிராத அம்மாதான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நோ ரிலேஷன். டிஃபரென்ட் வில்லேஜ். பிஃபோர் மேரேஜ், ஐ நெவர் சீ ஹிம்."

டீச்சருக்கு நிம்மதி. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். என் குடும்பத்தைப் பற்றிக் கதை கட்ட மாட்டேன் என்று ஐம்பது முறை எழுதிவரச் சொன்னார். பிறகு, அப்படியானால் ராணி எம்மின் படமும் குழந்தை இட்டுக்கட்டியதுதானே, திருத்தி வரைய இன்னொரு வாய்ப்புத் தருகிறேன் என்றார். அப்பா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"நோ மேடம். குயீன்ஸ் சார்ட் இஸ் கரெக்ட். எவ்ரி லைன்."

அதுவரை வராத பேச்சு அப்புறம் நிற்கவே இல்லை. அம்மா மேஜைக்கு அடியில் காலை மிதித்தும் பயனில்லை. கல்வெட்டு, செப்பேடு என்று இருபது நிமிஷம் சாட்சி சொன்னார். தன் பெண்டாட்டியின் உறவை விட்டுக்கொடுத்த மனுஷன், தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய ராணியின் உறவில் ஒரு கோட்டைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ராணி எம்முக்கு ஏ கிடைத்தது. எனக்கு ஐம்பது வரிகள். அடுத்த மாத இன்டர்வியூவில் அதிகாரி வரி கட்டிய காகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார் என்பது தனிக்கதை.

திரும்பும்போது நான் பின்சீட்டில் கிரீடத்தோடு அழுதுகொண்டிருந்தேன். "அம்மா, யூ லைட். பொய் சொல்லிட்டே" என்றேன். அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தபடி வெகுதூரம் வந்தாள். பிறகு, நான் கேட்டு மாதக்கணக்கான அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"மாமா."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மாமா."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கூப்பிட்டாள். அப்பா மறுபடி என்னம்மா என்றார். வீடு வருவதற்குள் நாலைந்து முறை இப்படி நடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதை அங்கே டீச்சர் எதிரில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று இருந்தது. அந்தப் பெரிய தேசத்தில் அம்மாவுக்குப் பிறந்த வீட்டு மனுஷர் என்று இருந்தது அந்த ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஒருவர்தான், அவரையும் முன்பின் தெரியாதவர் என்று சொல்லிவிட்டு வருகிறாள் என்பது ஒன்பது வயதில் எனக்கு உறைக்கவில்லை. ஐம்பது வரிகளை எழுத நோட்டில் எத்தனை பக்கம் வேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.