ஏழாவது கட்டியில் ஐவியின் வேலி

ஜெர்மன் டாங்கிகள் ஆற்றுமுகத்தில் ஏறி வந்துவிடும் என்று சொல்லி, அவற்றை மறிக்க அந்தப் பள்ளத்தாக்கு நெடுக ஆள் உயரத்துக்குக் கான்கிரீட் கட்டிகளை வார்த்தார்கள் பிரிட்டிஷ் பட்டாளத்தார். 1940 கோடை. ஒரு டாங்கியும் வரவில்லை. வராத டாங்கிக்காக ஹில்டா டப்பன் எதை இழந்தாள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

அவளுடைய மகள் ஐவி அதற்கு முன்பே தொண்டை அடைப்பான் கண்டு ஒன்றரை வயதில் செத்துப்போனாள். கல் நட வசதியில்லை. தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சின்ன மேடு, அதைச் சுற்றி முழங்கால் உயர இரும்பு வேலி. அவ்வளவுதான். ஹில்டாவின் கணவன் ரெஜ் கான்கிரீட் வேலையில் இருந்தான். உள்ளே வைக்கக் கம்பி போதவில்லை, வீட்டிலிருக்கும் இரும்பைக் கொண்டு வாருங்கள் என்று சார்ஜென்ட் கேட்டதுதான் தாமதம், இந்த மகாராசன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வேலியைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்தான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அதுதான்.

"ஏழாவது கட்டியில போட்டாச்சு," என்றான். "சண்டை முடியட்டும், புதுசா அடிச்சுப் போட்டுடலாம். டீ எங்க?"

"பெத்த பிள்ளைகிட்ட திருடிட்டு வந்து டீ கேக்குதா உனக்கு?"

"நாட்டுக்காகக் குடுத்தேன், ஹில்டா."

"உன் கட்டிலைக் குடுத்திருக்க வேண்டியதுதானே! அதுவும் இரும்புதான்."

சண்டை முடிந்தது. முதலில் இரும்பு கிடைக்கவில்லை, பிறகு நேரம் கிடைக்கவில்லை, பிறகு ரெஜ்ஜுக்கு ஞாபகமே இல்லை. புல்வெட்டும் இயந்திரம் ஓட்ட வசதியாக மேடுகளையெல்லாம் தேவாலயத்தார் சமப்படுத்திவிட்டார்கள். அங்கே கிடந்த பதினோரு குழந்தைகளில் ஐவி எங்கே என்று பெற்றவளுக்கே தெரியவில்லை. அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்ச் சொல்ல?

ஏழாவது கட்டியில் மட்டும் வேலிக் கம்பியொன்றின் ஈட்டிமுனை விரலளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஹில்டாவுக்கு அதுதான் கல்லறை. நாற்பத்தைந்து வசந்தம் அதன் கீழே மஞ்சள் பிரிம்ரோஸ் பூ வைத்தாள். துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவினாள். ரெஜ் செத்தபோது அவள் அழவில்லை. ஊர் பேசியது, பேசட்டும்.

பிறகு அரசாங்கத்துக்குத் திடீரென்று கட்டிகள்மேல் பாசம் பொத்துக்கொண்டு வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னமாம்! மிஸ் கார்வர் என்ற இளம் அதிகாரி ஆட்களோடு வந்தாள். உள்ளே துரு ஏறி ஏழாவது கட்டி விரிசல் விட்டிருந்தது. முனையை வெட்டியெடுத்து விரிசலைப் பூசி அடைக்கவேண்டும் என்றாள்.

"வெட்டுற துண்டை எங்கிட்ட குடுத்துடும்மா. அது என் பொண்ணோட வேலி."

"எனக்குப் புரியுது, மிசஸ் டப்பன். ஆனா சின்னத்துல இருந்து எது வந்தாலும் நாட்டோட சொத்து. விதி அப்படி."

"நாடு ஒரு தடவை பிடுங்கிட்டுப் போனது போதாதா?"

மிஸ் கார்வர் அவள் சொன்னதையெல்லாம் அக்கறையாகக் குறித்துக்கொண்டாள். நல்ல பெண்தான்.

அடுத்த வசந்தத்தில், வெட்டியெடுத்த முனை அங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஹில்டா பேருந்து ஏறி நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த ஈட்டிமுனை இருந்தது. பக்கத்தில் ஓர் அட்டை: "பழைய இரும்பு. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை." இரண்டு முறை படித்தாள். பையிலிருந்த பிரிம்ரோஸை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். காவலாளி ஓடிவந்தான்.

"இங்க பூவெல்லாம் வைக்கக் கூடாதும்மா."

"அப்ப எங்கய்யா வைக்கட்டும்?"

அவன் பூவை எடுத்து அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.